நுனி எந்தப் பக்கம்

துப்பறியும் செல்வமலரின் அலுவலகத்தில் அன்று காலை நடந்த முதல் குற்றத்தைச் செய்தவன் அவளுடைய உதவியாளன் மாதவ். காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முந்தின நாள் ஹாக்கி ஆட்டத்தின் முடிவைப் பார்க்கப் போனவன் அங்கேயே குடியிருந்துவிட்டான். பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்தது. மொன்றியலின் கோத்-தெ-நேஜ் பகுதியில், டெபானர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை நாறத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது.

வந்தவள் புஷ்பராணி. ஐம்பதைத் தாண்டிய வயது, கனத்த குளிர்கோட்டு, கையில் ஒரு சிவப்புப் பெட்டி. பெட்டியில் 'ராணி கறித்தூள் - வீட்டில் வறுத்தது' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. நேராக வந்து அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

மாதவ் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்தான். ஏப்ரல் மாதக் குளிர் உள்ளே வந்தது.

"ஏன் தம்பி திறக்கிறீர்? குளிருது எல்லோ" என்றாள் புஷ்பராணி.

"காத்து வரட்டும்னுதான். எங்க ஆபீஸ்ல மூளை வேலை ஜாஸ்தி, சூடாயிடும்" என்றான் மாதவ். கருகின நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நாகரிகமான பெண்மணி என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டான்.

செல்வமலர் சிரிக்கவில்லை. அவள் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பனிக்காக, தானாகத் தீப்பிடித்த கடைகள் உண்மையில் தானாகத்தான் தீப்பிடித்தனவா என்று பார்த்து வந்தவள். அந்த வேலையில் எரிந்ததை மட்டும் பார்த்தால் போதாது, எரிந்ததைப் பார்த்து யார் முகம் சுளிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது சொந்த லைசென்ஸ், சொந்த அலுவலகம், சொந்தத் தலைவலி. தலைவலியின் பெயர் மாதவ். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு என்று சென்னையிலிருந்து வந்து, அதைப் பாதியில் விட்டுவிட்டு இவளிடம் சேர்ந்தவன். மகன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் அம்மா மயிலாப்பூரில் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள் செல்வமலர்.

"ஊசிமிளகாயைப் பிடிச்சுத் தரவேணும்."

"மார்க்கெட்லயே கிடைக்குமே" என்றான் மாதவ்.

செல்வமலர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். மொன்றியல் தமிழர்களில் ஊசிமிளகாயைத் தெரியாதவர்கள் குறைவு. அது ஒரு வலைப்பதிவு. எழுதுகிறவர் ஆணா பெண்ணா, யாழ்ப்பாணமா சென்னையா, எதுவும் தெரியாது. 'தெற்கு வாசல்' கூட்டம் நடக்கும்போதெல்லாம், அடுத்த நாள் ஊசிமிளகாயில் ஒரு படமும் கீழே பத்து வரியும் வரும். அந்தப் பத்து வரியில் யாருடைய மானமாவது கப்பலேறும்.

தெற்கு வாசல் என்பது வலைப்பதிவர்களும் வீட்டிலிருந்து சிறுதொழில் செய்கிறவர்களும் சந்தித்துக்கொள்ளும் கூட்டம். நடத்துகிறவள் அம்ருதா என்ற சென்னைப் பெண். தெற்கத்திய உணவு, உடை, பேச்சு எல்லாவற்றையும் கொண்டாடுவது அதன் நோக்கம். யாழ்ப்பாணம் இலங்கைக்கு வடக்கு அல்லவா, அது எப்படித் தெற்காகும் என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். மொன்றியலில் நின்று பார்த்தால் எல்லாமே தெற்குதான் என்று அம்ருதா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் திசை கேட்பதில்லை.

புஷ்பராணி தன் போனை நீட்டினாள். போன கூட்டத்துக்குப் பிறகு வந்த பதிவு. மேலே வாழையிலைச் சாப்பாட்டின் படம். கீழே இப்படி எழுதியிருந்தது: 'ராணி கறித்தூளை ராணி வறுக்கவில்லை. பெட்டியில் இருப்பது பழைய கதை. இந்த மிளகாய் இயந்திரத்தில் காய்ந்தது, இதன் பக்கத்தில் ஒரு மனிதரும் நின்று இருமவில்லை. அடுத்த கூட்டத்தில் ராணி பதில் சொல்லட்டும்.'

"அடுத்த கூட்டம் வாற ஞாயிறு" என்றாள் புஷ்பராணி. "அண்டைக்குப் பின்னேரம் ஒரு பெரிய கடைக்காரரின்ர ஆள் வாறா. மதாம் மிரெய். என்ர தூளை அவையின்ர எல்லாக் கடையிலயும் வைக்கிறதோ இல்லையோ எண்டு அவதான் முடிவெடுப்பா. அவ வாறதுக்கு முதல் ஆளைக் கண்டுபிடிச்சு இதை அழிக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் துலைஞ்சன்."

"எழுதினது பொய்தானே?" என்று செல்வமலர் கேட்டாள்.

புஷ்பராணி பெட்டியை மேசையில் நேராக்கி வைத்தாள். "ராணித் தூள் எப்பிடிப்பட்ட தூள் எண்டு ஊருக்கே தெரியும்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. செல்வமலர் அதை விட்டுவிட்டு, "உங்கட வீட்டுக்காரர் இதுக்கு என்ன சொல்லுறார்?" என்றாள்.

"அவர் என்னத்தைச் சொல்லுவார். கலியாணம் கட்டின நாளில இருந்து எதை வைச்சாலும் 'நல்லாயிருக்கு' எண்டிற மனுசன். கல்லைச் சமைச்சு வைச்சாலும் நல்லாயிருக்கு எண்டுவார். பாவம்."

அவள் போன பிறகு மாதவ் தன் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு கால் மேல் கால் போட்டுக்கொண்டான். கேஸ் முடிந்துவிட்டது என்று அவன் நினைக்கும்போதெல்லாம் உட்காருகிற விதம் அது.

"அக்கா, இலையைப் பாருங்க. நுனி எந்தப் பக்கம் இருக்கு?"

"வலப் பக்கம்."

"இருக்க வேண்டியது?"

"சாப்பிடுற ஆளின்ர இடப் பக்கம்."

"அவ்வளவுதான். பழைய பதிவெல்லாம் பார்த்தேன், எல்லாப் படத்துலயும் நுனி வலது பக்கம். இலை எப்படிப் போடணும்னே தெரியாத ஆள்தான் நம்ம ஊசிமிளகாய். அதாவது இங்கயே பொறந்து வளர்ந்தவன். தெற்கு வாசலுக்கு வர்ற பதிவர்கள்ல அப்படி ஒருத்தன்தான். வினோஜன்."

"தம்பி, நீர் முடிவை முதல் எழுதிப்போட்டுப் பேந்து கேஸைத் தேடுறீர்" என்றாள் செல்வமலர். ஆனாலும் போனை வாங்கி ஒவ்வொரு பதிவாகப் படிக்க ஆரம்பித்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பார்க்-எக்ஸ்டென்ஷன் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மல்லிகை மணக்கும் மெழுகுவர்த்தி, பழைய சேலையில் தைத்த கைப்பை, அகர எழுத்துப் போட்ட குழந்தைச் சட்டை என்று சுவரோரம் முழுக்கக் கடைகள். நடுவில் பதிவர்கள் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதவ் கையில் அதற்குள் பதினைந்து விசிட்டிங் கார்டுகள் சேர்ந்துவிட்டன. அடுத்தவர் கார்டைப் படிக்காமலே பைக்குள் போட்டுவிட்டுச் சிரிப்பதற்குப் பெயர் நெட்வொர்க்கிங் என்று கண்டுகொண்டான்.

புஷ்பராணியின் கடையில் சிவப்புப் பெட்டிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. முன்னால் ஒரு சுளகில் செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் அழகுக்காகப் பரப்பி வைத்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் தூளை நீட்டி, "மணந்து பாருங்கோ, எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அவர்கள் முகத்தையே பார்த்தாள். நல்லாயிருக்கு என்று சொன்னவர்களை அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

மண்டபத்தின் ஒரு பக்கம் நீள மேசைகள் போட்டுப் பந்தி தயாராகிக்கொண்டிருந்தது. தெற்கு வாசலின் பெருமையே இந்தச் சாப்பாடுதான். வெட்டித் துண்டாக்கிய இலை கூடாது, நுனி இலைதான் வேண்டும் என்று அம்ருதா ஜான்-டலோன் சந்தையில் சொல்லி வைத்து வரவழைப்பாள். சமையலைக் கடைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பரிமாறுவதும் அவர்கள் வீட்டு ஆட்கள்தான். விருந்து வைக்கிறவர்கள் விருந்தாளிகளோடு சேர்ந்து உட்காருவதில்லை, எல்லோரும் எழுந்த பிறகு அடுக்களையில் நின்றபடி சாப்பிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் யாரும் மீறுவதுமில்லை.

வினோஜன் பந்தியின் மூலையில் இடம் பிடித்திருந்தான். காதில் கடுக்கன், கையில் குச்சியில் மாட்டிய போன். மாதவ் அவனுக்கு எதிரே போய், அவன் முன்னால் ஒரு இலையை வேண்டுமென்றே நுனி வலப் பக்கமாக வரும்படி போட்டான். செல்வமலர் பின்னால் நின்று பார்த்தாள்.

வினோஜன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே இலையைத் திருப்பி வைத்தான்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அம்ருதா அக்கா எல்லா முறையும் லெக்சர் குடுக்கிறவா. அதுக்கு முதல் அம்மா கையில அடிச்சே சொல்லித் தந்திட்டா" என்றான் வினோஜன். "ஏன்?"

"ஊசிமிளகாய் யாருன்னு தேடறோம்."

"அதை நான் எண்டு நினைச்சியளா?" வினோஜனுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது. "அண்ணா, அந்தப் பதிவில ஒரு படத்திலயாவது முகம் இருக்கா? என்ர முகம் இல்லாத படத்தை நான் ஏன் போடவேணும்?"

இதைவிட உறுதியான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. மாதவ் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"அக்கா, கேஸ் போச்சு. சாப்பாட்டையாவது விடக்கூடாது."

முதல் பந்தி தொடங்கியது. உப்பு, ஊறுகாய், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சோறு. அம்ருதா மேசைக்கு மேசை போய் எல்லா இலையும் நுனி இடப் பக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாள். செல்வமலர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று மாதவ் சாப்பிடப் போவதைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாதவ், உம்மட இலையின்ர நுனி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எனக்கு?"

மாதவ் நிமிர்ந்தான். அவள் எதிரே நின்றாள். அவளுக்கு அந்த நுனி வலப் பக்கம்.

"இலை பிழையாப் போடேல்லைத் தம்பி. படம் எடுத்தவர்தான் மற்றப் பக்கம் நிக்கிறார். வடிவாப் பாரும், படத்தில ஊறுகாய் கீழ இருக்கு, சோறு மேல இருக்கு. ஊசிமிளகாய் பந்தியில இருந்து சாப்பிடுற ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் நிண்டு பரிமாறுற ஆள்."

மாதவ் கையைச் சோற்றிலிருந்து எடுத்தான். "அப்படின்னா எட்டுப் பேர் பரிமாறறாங்களே. எட்டுப் பேரையும் விசாரிக்கறதுக்குள்ள அந்த மதாம் வந்துடுவாங்க."

"எட்டுப் பேர் வேண்டாம். படத்தில எல்லாக் கறியும் இருக்கு. என்ன இல்லை எண்டு சொல்லும்."

மாதவ் போனையும் தன் இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். படத்தில் சோற்றின் நடுவில் யாரோ விரலால் குழி பண்ணியிருந்தார்கள். குழி காலியாக இருந்தது. வேறு வேறு கூட்டங்களில், வேறு வேறு ஆட்களின் இலைகளில் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் சோற்றில் ஒரு குழி, எல்லாக் குழியும் காலி.

"சொதி இல்லை" என்றான்.

"தேங்காய்ப்பால் சொதி கடைசியாத்தான் வரும். அது வந்து ஊத்துறதுக்குச் சரியா ஒரு நிமிசம் முதல் எடுத்த படம். இன்னொண்டு. நான் எல்லாப் பதிவையும் படிச்சனான். ஊசிமிளகாய் பருப்பைத் திட்டியிருக்கு, பாயசத்தைத் திட்டியிருக்கு, அம்ருதாவின்ர சாம்பாரைப் பாத்து முகம் கழுவலாம் எண்டு எழுதியிருக்கு. சொதியைப் பற்றி மட்டும் இண்டைக்கு வரைக்கும் ஒரு வசனம் இல்லை. நல்லது எண்டும் இல்லை, கூடாது எண்டும் இல்லை."

"தன் சமையலைத் தானே எப்படித் திட்டிக்கறது" என்றான் மாதவ் மெதுவாக.

அப்போது மேசையின் மறுமுனையிலிருந்து சொதி வாளி வந்துகொண்டிருந்தது. தூக்கி வந்தவர் மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். ஒரு இலைக்கு முன்னால் நின்றார். சாப்பிடுகிறவர் பக்கத்து ஆளிடம் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர் வாளியைக் கீழே வைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஒரு படம் எடுத்தார், போனைப் பைக்குள் போட்டார், சொதியை ஊற்றினார். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"யாருக்கா இவரு? ஆளைப் பார்த்தா எறும்புக்கும் வழிவிடற மாதிரி இருக்காரு."

செல்வமலர் பெருமூச்சு விட்டாள். "குணரத்தினம் அண்ணை. புஷ்பராணி அக்காவின்ர புருசன்."

*

மண்டபத்தின் அடுக்களை சிறியது. குணரத்தினம் அடுத்த பந்திச் சொதிக்குத் தாளிக்க வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, தேங்காய்ப்பாலைக் கிளறிக்கொண்டிருந்தார். டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் ஒன்றின் சமையலறையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செல்வமலர் அவரிடம் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"அண்ணை, பதிவை அழிக்கச் சொல்லி என்னைப் பிடிச்சது உங்கட மனுசிதான்."

குணரத்தினத்தின் அகப்பை நின்றது. மறுக்கக்கூட இல்லை. "அவவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லிப்போடாதையுங்கோ பிள்ளை." அவர் குரலைத் தாழ்த்தினார். "கலியாணம் கட்டின புதிசில ஒருநாள் குழம்பில உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லிட்டன். அண்டு முழுக்க அழுதா. அண்டைக்கு வாயை மூடினவன்தான். ஆனா வேலை சமையலறையில. நாக்குச் சும்மா கிடக்குமோ? அதுதான் பேர் போடாமல் எழுதத் தொடங்கினன். ஊரைத் திட்டித் திட்டி மனம் கொஞ்சம் லேசாச்சு."

"ஊரைத் திட்டினது சரி. கறித்தூளைப் பற்றி ஏன் எழுதினீங்கள்?"

குணரத்தினம் அடுப்பை மறந்து அவளைப் பார்த்தார். "அது உண்மை எண்டபடியால்தான். முந்தி அவ தூள் வறுத்திட்டு வந்தா அவவின்ர தலைமயிரில மணக்கும், வாசல்ல நிக்கவே நான் தும்முவன். பில்டிங்கில இருக்கிற சனம் முழுக்க இருமும். இப்ப நோத்ர-டாம்-த-கிரேஸ்ல ஒரு அடுப்படி வாடகைக்கு எடுத்து வறுக்கிறன் எண்டு சனிக்கிழமைகளில போறா. வரேக்க ஒரு மணமும் இல்லை. எனக்கு ஒரு தும்மல் கூட வாறேல்லை. ஊருக்குப் பொய் சொன்னாக்கூடப் பரவாயில்லை, எனக்குமெல்லோ சொல்லுறா. நேர கேக்க எனக்கு வாய் இல்லை. எழுதினா ஊருக்காவது பதில் சொல்லுவா, நானும் கேக்கலாம் எண்டு நினைச்சன்."

"பக்கத்துல நிக்கற பொண்டாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்க இன்டர்நெட் வழியா சுத்திட்டு வந்திருக்கீங்க" என்றான் மாதவ். சொல்லிவிட்டு இருமினான். சட்டியில் வெங்காயம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கப் போனவனின் கையைச் செல்வமலர் பிடித்து நிறுத்தினாள்.

வாசலில் புஷ்பராணி.

"இஞ்சேருங்கோ, ரெண்டாம் பந்திக்குச் சொதி எங்க?" என்று கேட்டபடி வந்தவள், புகைகிற சட்டிக்கு ஒரு முழம் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "செல்வமலர், ஆளைக் கண்டுபிடிச்சீங்களோ? மதாம் வந்திட்டா. வெளியில அம்ருதாவோட கதைக்கிறா."

குணரத்தினம் இருமினார். மாதவ் கண்ணைத் துடைத்தான். புஷ்பராணி ஒருத்திதான் அந்த அடுக்களையில் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன கருகுது எண்டு பாருங்கோ" என்றாள் செல்வமலர்.

புஷ்பராணி சட்டென்று தேங்காய்ப்பால் பானையின் மூடியைத் தூக்கினாள். பிறகு கண்ணால் அங்குமிங்கும் தேடினாள். கடைசியில்தான் முதுகுக்குப் பின்னால் இருந்த சட்டியைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

மாதவுக்கு அலுவலகத்தில் பொங்கிய பால் நினைவுக்கு வந்தது. நாகரிகமான பெண்மணி என்று தான் பாராட்டியதும் நினைவுக்கு வந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு காலமாச்சு?" என்று செல்வமலர் மெதுவாகக் கேட்டு அடுப்பை அணைத்தாள்.

"அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு." புஷ்பராணி பக்கத்திலிருந்த பெட்டியில் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் திரும்பி வந்திச்சு, எனக்கு வரேல்லை. உப்பும் புளியும் நாக்குக்குத் தெரியுது. மணம் ஒண்டும் இல்லை. மல்லியை எப்ப இறக்கிறது எண்டு மூக்குத்தானே சொல்லவேணும், கண் சொல்லாது. ரெண்டு தரம் கருக்கிக் கொட்டினன். அதுக்குப் பிறகு ரொறன்ரோவில ஒரு மில்லில வறுத்து அரைச்சு எடுப்பிக்கிறன். சனிக்கிழமை போறது பெட்டியில அடைக்க. மூக்கில்லாத மனுசியிட்ட ஆர் தூள் வாங்குவினம்?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே புஷ்பம்" என்றார் குணரத்தினம்.

"உங்களிட்டயோ?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கருகினதை வைச்சாலும் நல்லாயிருக்கு எண்டுவியள். உங்களிட்டக் கேட்டு நான் என்னத்தைக் கண்டன்? உண்மை சொன்னது அந்த ஊசிமிளகாய் ஒண்டுதான். வெந்தயம் கைக்குது எண்டு எழுதினா அடுத்த தரம் குறைச்சுப் போடுவன். புளி கூட எண்டா அதையும் திருத்துவன். அந்த நாக்கை நம்பித்தான் இவ்வளவு காலமும் சமைச்சனான். இப்ப அதே நாக்கு என்னைப் பிடிச்சுக் குடுத்திட்டுது."

செல்வமலர் குணரத்தினத்தைப் பார்த்தாள். பேரைச் சொல்வதற்குத்தான் அவளை அழைத்திருந்தார்கள். ஆனால் சில பேர்களைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

குணரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தார். "நான்தான் புஷ்பம்."

"என்ன நீங்கள்தான்?"

"ஊசிமிளகாய்."

புஷ்பராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போன மார்கழியில என்ர கத்தரிக்காயைச் செருப்புத் தோல் எண்டு எழுதினது?"

"ஓம்."

"அந்தக் கறியை வீட்டை கொண்டுவந்து ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனீங்கள் எல்லோ?"

"ஓம்."

"நல்லாயிருக்கு எண்டும் சொன்னனீங்கள்."

"ஓம்" என்றார் குணரத்தினம் மூன்றாவது முறையாக. மாதவ் இரண்டடி பின்னால் நகர்ந்தான். அகப்பை அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால் புஷ்பராணி அகப்பையை எடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வீட்டை வாங்கோ, மிச்சத்தைப் பேந்து கதைக்கிறன். மாதவ் தம்பி, என்ர கடையில சுளகில இருக்கிற மிளகாய், மல்லி எல்லாத்தையும் அப்பிடியே தூக்கிக்கொண்டு வாரும். வினோஜனையும் கூட்டிக்கொண்டு வாரும், எனக்குப் பிரெஞ்சு காணாது. மதாமையும் உள்ள வரச்சொல்லும்."

மதாம் மிரெய் வெள்ளைக் கோட்டோடு அடுக்களைக்குள் வந்து புன்னகையோடு பொன்ஷூர் சொன்னார். புஷ்பராணி சிவப்புப் பெட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். "சொல்லும் வினோஜன். இதுக்குள்ள இருக்கிறது மில்லில வறுத்தது. பெட்டியில எழுதினது இண்டைக்குப் பொய். இதை வாங்க வேண்டாம். நான் வறுக்கிறது எப்பிடி எண்டு இப்ப காட்டுறன், அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

வினோஜன் வாழ்க்கையில் முதல்முறையாகப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு மொழிபெயர்த்தான். மதாமின் புன்னகை போய்விட்டது. ஆனால் அவர் போகவில்லை.

சட்டி காய்ந்தது. மல்லி முதலில் விழுந்தது. புஷ்பராணி கிளறினாள், குணரத்தினம் சட்டிக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பவோ?"

"இல்லை. பச்சை மணம் போகேல்லை."

"இப்ப?"

"பொறும். உம்மட அவசரம்தான் எப்பவும் பிரச்சினை. இப்ப இறக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பழைய உப்புக் கதைக்குப் பிறகு, தாலி கட்டின மனுசன் நேருக்கு நேர் அவள் சமையலில் குறை சொன்னது அப்போதுதான். அவள் மல்லியை இறக்கிவிட்டு மிளகாயைப் போட்டாள்.

செத்தல் மிளகாய் சூட்டில் சிவந்தது. குணரத்தினம் தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று. தும்மத் தும்ம அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அடுத்து மாதவ், அதற்கடுத்து வினோஜன். காரம் கதவைத் தாண்டி மண்டபத்துக்குள் போனது. பதிவர்களும் கடைக்காரர்களும் கார்டும் கையுமாக இருமத் தொடங்கினார்கள். கூரையில் தீ எச்சரிக்கை மணி அலறியது. அம்ருதா நாற்காலி மேல் ஏறி, ஒரு முழு நுனி இலையால் அந்த மணிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெளில போங்க, கார்டு அப்புறம் குடுத்துக்கலாம்" என்று அவள் இருமலுக்கு நடுவே சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

மதாம் மிரெய் கண்ணில் நீர் வழிய, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவருக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது. பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"பழைய பெட்டி எல்லாத்தையும் திருப்பி எடுக்கட்டாம்" என்றான் வினோஜன். "இதில அரைச்சு அனுப்பச் சொல்லுறா. முடிவை அதைச் சமைச்சுப் பாத்திட்டுத்தான் சொல்லுவாவாம். ஆனா வீட்டில வறுத்தது எண்டு எழுதினதை இனி அவ சந்தேகப்பட மாட்டாவாம். மிளகாய் மணம் ஏறின அவவின்ர கோட்டே சாட்சியாம்."

*

மணி ஓய்ந்து, ஜன்னலெல்லாம் திறந்து, கூட்டம் மறுபடி உள்ளே வந்தபோது கடைசிப் பந்திக்கு நேரமாகியிருந்தது. அம்ருதா புஷ்பராணியின் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாள். விருந்து வைக்கிறவள் உட்காரக்கூடாது என்று புஷ்பராணி எழுந்திருக்கப் பார்த்தாள், செல்வமலர் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குணரத்தினம் வாளியோடு வந்தார். இந்த முறை அவர் போனை எடுக்கவில்லை. சோற்றுக் குழியில் சொதியை ஊற்றிவிட்டு, அப்படியே நின்று அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மாதவ் பாலை அடுப்பில் வைத்தான். அன்று அடுப்பை விட்டு நகரவே இல்லை. ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன்.

"அக்கா, நமக்கு இது தோல்விதானே? அழிக்கச் சொன்ன பதிவு அப்படியே இருக்கு."

"இருக்கட்டும். அதில எழுதினது உண்மை எண்டு எழுதினவரின்ர மனுசியே சொல்லிட்டா. பேந்து என்னத்தை அழிக்கிறது?"

"இருங்க, புதுசா ஒண்ணு வந்திருக்கு." மாதவ் போனை நீட்டினான். "ஊசிமிளகாய்."

வாழையிலைப் படம். சோற்றில் சொதி ஊற்றியிருந்தது. கீழே ஒரே வரி: 'சொதிக்கு உப்புக் காணாது. இவ்வளவு நாளும் ஒருவரும் சொல்லவில்லை.'

"நுனி எந்தப் பக்கம்?" என்று செல்வமலர் கேட்டாள்.

மாதவ் பார்த்தான். "இடது பக்கம். கடைசிப் பந்தில உட்கார்ந்து சாப்பிட்டவங்க எடுத்த படம்."

பதிவுக்குக் கீழே ஒரே ஒரு கருத்து வந்திருந்தது. எழுதியவர் தன் முழுப் பெயரையும் போட்டிருந்தார். குணரத்தினம். 'ஓம், காணாதுதான். நாளைக்கு நீர் பக்கத்தில நிண்டு சொல்லும்.'